தீயணைப்பு நிலையத்தில் ஓர் இத்தா

நான் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்தைப் படம் பிடிக்க இப்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கல்முனையிலிருந்து தெற்கே போகும் பிரதான வீதியில், கண்ணாடி முகப்புக் கடைகளுக்கு நடுவே அது ஒன்றுதான் வேறு மாதிரி நிற்கிறது. சுண்ணாம்பு பூசிய தடித்த வெள்ளைச் சுவர். வீதியைப் பார்த்து மூன்று பெரிய வளைவுகள். அரைக் குழாய் போல வளைந்த சிவப்பு ஓடுகள். ஜன்னல்களில் கொடி போலச் சுருண்ட இரும்புக் கம்பிகள். ஒரு மூலையில் மணி தொங்கும் சின்னக் கோபுரம். நெல் வியாபாரத்தில் முன்னேறிய ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புக்குப் போய், அங்கே பணக்காரர் சிலர் கட்டியிருந்த ஸ்பெயின் பாணி வீடுகளைக் கண்டு ஆசைப்பட்டு, அங்கிருந்தே மேசன்மாரைக் கூட்டிவந்து கட்டினாராம். "ஸ்பெயின் வீடு" என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவருடைய வாரிசுகள் அதை நகரசபைக்குக் கொடுத்தார்கள். சபை வளைவுகளுக்குள் தீயணைப்பு வண்டியை நிறுத்தியது. கோபுரத்துக்குள் நனைந்த ஹோஸ்களைத் தொங்கவிட்டுக் காயவைத்தோம்.

படம் பிடிக்க வருகிறவர்கள் வளைவுகளோடு திரும்பிவிடுவார்கள். உள்ளே ஒரு நடுமுற்றம் இருக்கிறது. முற்றத்தில் ஒரு கிணறு. நாலு பக்கமும் தூண் வைத்த விறாந்தை. முற்றத்துக்கு அங்கால் இரண்டு அறையுள்ள பின்கட்டு, அதிலிருந்து பின் ஒழுங்கைக்கு, ஒடுங்கிய சந்துக்கு, ஒரு கதவு. அந்தப் பின்கட்டில் ஒரு பெண் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் இருக்கும் காலத்தை நாங்கள் இத்தா என்போம். ஆண்கள் மட்டும் வேலை செய்யும் ஒரு நிலையத்தில் அப்படி ஒன்று நடந்தது என்றால் வெளியூர்க்காரர் நம்புவதில்லை.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் வண்டிக்கே டீசல் அளந்துதான் கிடைத்தது. பின் ஒழுங்கையில், எங்கள் கதவுக்கு நேர் எதிரே, ஒரு மெத்தை தைக்கிறவரின் வீடு இருந்தது. வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடியிருப்பு. இலவம் பஞ்சும் தும்பும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். மெத்தையைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்கு வரிசையில் நின்று வாங்கிய பெட்ரோலை ஒரு கேனில் பட்டறையிலேயே வைத்திருந்தார். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. நாற்பதைத் தாண்டிய இருவரும் ஒருவரை ஒருவர் விட்டு அதிகம் விலகி இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பஞ்சு அடிப்பார், அவர் மனைவி உறை தைப்பார். அவர்கள் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் அந்த அம்மா பின்கதவால் வந்து எங்கள் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் அள்ளிப்போவார். நாங்கள் அவரை அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவோம்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம். நான் விறாந்தையில் உட்கார்ந்து ஒரு ஹோஸின் பித்தளை இணைப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ராத்தா குடத்தோடு வந்தார்.

"தம்பி, இண்டைக்கும் டீசல் வரல்லயா?"

"இல்ல ராத்தா. வரும் எண்டுதான் சொல்றாங்க."

"எல்லாம் வரும் எண்டுதான் சொல்றாங்க" என்று சிரித்தபடி வாளியைக் கிணற்றில் விட்டார். அவர் முதல் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒழுங்கைப் பக்கம் கூச்சல் கேட்டது. நிமிர்ந்தேன். பின்சுவருக்கு மேலே கறுப்பாகப் புகை எழும்பியது. ராத்தா கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்.

வண்டியை முன்வீதியால் சுற்றிக் கொண்டுபோனாலும் அந்த ஒழுங்கைக்குள் அது நுழையாது. எங்கள் சாரதி திருக்கோவிலைச் சேர்ந்தவர், தமிழர், என்னைவிட வயதில் மூத்தவர். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வண்டி நிக்கட்டும். ஹோஸை முத்தத்தால இழுங்கடா!" என்று கத்திக்கொண்டு பம்பை இயக்கினார். வளைவுக்குள் நின்ற வண்டியிலிருந்து முற்றத்தைக் கடந்து பின்கதவால் ஹோஸை இழுத்தோம்.

ஒழுங்கையில் ராத்தா பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்றார். பட்டறை முழுக்க எரிந்தது. அவர் அழவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், அவரு தொழப் பள்ளிக்குப் போயித்தார். நானும் வெளிய. பொருள்தானே, போகட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மூலைக் கடைக்காரர் ஓடிவந்தார்.

"அவரு பள்ளியால வந்தித்தாரே! பின்பக்கத்தால உள்ள போனாரே! இன்னம் வெளிய வரல்லயா?"

ராத்தாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை.

எங்களிடம் மூச்சுக் கருவி ஒன்றுதான் வேலை செய்தது. அதை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தால் நான் உள்ளே போனேன். நெருப்பு அந்தப் பக்கம் வரவில்லை, புகைதான். தரையோடு தரையாகத் தவழ்ந்து தேடினேன். அவர் குளியலறைக் கதவடியில் கிடந்தார். தனியாகத் தூக்க முடியவில்லை. கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கையில் யாரோ நனைந்த துவாயை முகத்தில் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய தோளுக்குக் கீழே கைகொடுத்தார். சாரதி அண்ணன். பம்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு, கருவி எதுவும் இல்லாமல் உள்ளே வந்திருந்தார். இருவருமாக வெளியே கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை.

விசாரணைகள் முடிந்து மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். சாரதி அண்ணன் அடக்கம் செய்யும் மையவாடியின் வாசல் வரைக்கும், உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்து வந்தார். பிறகு சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லாம் முடியும் வரை நின்றார்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. ராத்தா இத்தாவை எங்கே இருப்பது? எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. உம்மா வீட்டார் கட்டிக்கொடுத்த அந்த வீட்டில்தான் அவர் வாழ்ந்தார், அங்கேயே இத்தா இருந்திருப்பார். இப்போது நாலு கரிச்சுவர்தான் மிச்சம். அவருடைய பெற்றோர் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. மௌத்தானவருக்கு ஒரு தங்கை இருந்தார். சாய்ந்தமருதில் வாடகை வீடு, இரண்டு அறை, வளர்ந்த ஆண்பிள்ளைகள். அங்கே திரை போட்டு இருக்க இடமில்லை. ராத்தாவோ ஒழுங்கையை விட்டுப் போக மறுத்தார். "என்ட வளவடியிலயே இரிக்கன். எரிஞ்ச சுவரண்டையாவது ஒரு சீலையைக் கட்டித் தாங்க" என்றாராம்.

எங்கள் பொறுப்பதிகாரி அதிகம் பேசாத மனிதர். அன்று பின்னேரம் எல்லோரையும் கூப்பிட்டார்.

"தம்பிமார், பின்கட்டுல பழைய சாமான்தானே கிடக்கு. அதை எடுத்துப்போட்டுச் சுத்தம் பண்ணிக் கொடுத்தா என்ன?"

ஒருவர், "சேர், ஆம்பிளைகள் இரிக்கிற இடத்துல இத்தாவா? ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

"ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவம்" என்றார் அவர்.

சபைத் தலைவரிடம் வாய்ச்சொல்லாக அனுமதி கேட்டார். பிறகு பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர்களையும் மௌலவியையும் அழைத்துவந்தார். மௌலவி முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். பின்கட்டின் வெளிச்சுவரில் ஜன்னலே இல்லை. முன்கட்டு ஜன்னல்கள் வீதியைப் பார்த்தன, பின்கட்டு ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்தே திறந்தன. முன்கட்டிலிருந்து முற்றத்துக்கு வரும் வழி ஒன்றே ஒன்று. அதை அடைத்துவிட்டால் முற்றமும் கிணறும் பின்கட்டும் தனி வீடு.

"இதைக் கட்டின ஆளுக்குப் பொம்பிளைகள்ட மறைப்பு என்ன எண்டு தெரிஞ்சிரிக்கி" என்றார் மௌலவி.

"ஸ்பெயின் நாட்டு மாதிரியாம் ஹஸரத்" என்றேன்.

"அதான் பாத்தன். அந்த நாட்ட நம்மட ஆக்கள் பல நூறு வருஷம் ஆண்டிரிக்காங்க. வீடு கட்டுற முறை அவங்களுக்குப் பிறகும் அங்க நிண்டித்து." தாடியைத் தடவிக்கொண்டு மீண்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தாராளமா இரிக்கலாம். அந்த வழியை மட்டும் மறைச்சிடுங்க."

நாங்கள் வெள்ளையடித்தோம். முற்றத்துக்குப் போகும் வளைவில் பலகை அடித்து, கீழே ஒரு சிறு இடம் விட்டு அதற்குத் தடித்த வெள்ளைத் திரை போட்டோம், சாமான் கொடுத்து வாங்க. கிணற்றிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயைச் சுவருக்கு மேலால் வெளியே கொண்டுவந்தோம். குளிப்பதற்கு நாங்கள் பள்ளிவாசலுக்குப் போனோம். சாரதி அண்ணன் மட்டும் விடியற்காலையில் வண்டிக்குப் பின்னால் நின்று ஹோஸிலிருந்து ஊற்றிக்கொள்வார். "நான்தான் இந்த ஊரிலேயே ஆக விலை கூடிய ஷவர்ல குளிக்கிறன்" என்பார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ராத்தாவுக்குத் துணையாக அவருடைய மதினி, மௌத்தானவரின் தங்கை, வந்து தங்கினார். பகலில் சிலநேரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பின்கதவால் திரும்பி வருவார். என் மனைவி இரண்டு நாளைக்கு ஒருதரம் சோறு கறி ஆக்கிக் கொண்டுபோவாள். உள்ளே நடப்பது அவள் வாயால்தான் எனக்குத் தெரியும்.

"அந்த மதினி சரியாத்தான் பாக்கிறா. உடுப்புக் கழுவுறா, சோறு வெச்சிக் கொடுக்கிறா. ஆனா கதைக்கிறா இல்ல" என்றாள் ஒருநாள்.

"கூடப்பிறந்த காக்காவைப் பறிகொடுத்த துக்கம்தானே."

"அது மட்டுமில்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னவோ ஒண்டு கிடக்கு."

எனக்கு அது என்னவென்று தெரியும். பொஞ்சாதி எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் அவர் உள்ளே போனார் என்று மூலைக் கடைக்காரர் பிறகு சொல்லியிருந்தார். ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ராத்தாவின் காதில் மட்டும் யாரும் போடவில்லை.

பொறுப்பதிகாரி இன்னொன்றும் செய்தார். கோபுர மணியை அடிக்க வேண்டாம் என்றார். அழைப்பு வந்தால் ஊருக்குள் நிற்கும் எங்கள் ஆட்களை மணியடித்துத்தான் கூப்பிடுவோம். அந்தச் சத்தம் முற்றத்துக்குள் இடி போல விழும். அதைக் கேட்டு ராத்தா பதறக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அவசரமென்றால் தொலைபேசியில் கூப்பிடுவதென்று முடிவாயிற்று.

ஒருநாள் காலையில் மருதமுனையில் ஒரு கைத்தறிக் கொட்டிலில் நெருப்பு. தொலைபேசியில் ஒருவர் அகப்பட்டார், இருவர் அகப்படவில்லை. அவர்களைத் தேடி ஆள் அனுப்பி, வண்டி புறப்படப் பிந்திவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது தறியும் நூலும் பாதிக்குமேல் எரிந்திருந்தன. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரி எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "இப்பத்தான் வாறயா? இப்பத்தான் வாறயா?" நாங்கள் எரியாத தறிகளை வெளியே இழுத்துப்போட்டோம்.

அன்று பின்னேரம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மதினியின் குரல் கேட்டது. பொறுப்பதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். நானும் சாரதி அண்ணனும் பக்கத்தில் நின்றோம்.

"சேர், இவ சொல்லச் சொன்னா. வண்டி போற சத்தம் கேட்டிச்சாம், மணிச் சத்தம் கேக்கல்லயாம். எங்களுக்காக நிப்பாட்டினயா எண்டு கேக்கிறா."

பொறுப்பதிகாரி தயங்கினார். "ஓம். அவட மனசு நோகக் கூடாது எண்டு..."

அவர் முடிப்பதற்குள் ராத்தாவின் குரல் வந்தது. மெலிந்த குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"மணியை அடிங்க சேர். அங்கயும் ஒரு பொம்பிளை ஒழுங்கையில நிப்பா. அவ நிண்டு பாத்துக்கிட்டிருக்க, நான் இஞ்ச சத்தமில்லாம இரிக்கிறதா? அடிங்க."

சாரதி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

அடுத்த அழைப்புக்கு மணியை அடித்தேன். அன்று எரிந்தது ஒரு வைக்கோல் போர், நற்பிட்டிமுனைப் பக்கம். சேதம் பெரிதில்லை. நாங்கள் போய்த் திரும்பும் வரை என் மனைவி பின்கட்டில் இருந்திருக்கிறாள். மணி அடித்ததும் ராத்தா தொழுகைப் பாயில் போய் உட்கார்ந்தவர், வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும் வரை எழும்பவில்லையாம். அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் அப்படித்தான் என்று மதினியும் சொன்னார். நாங்கள் வெளியே போகும்போது எங்களுக்காக ஒருவர் துஆக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் எங்களை எல்லாம் மாற்றிவிட்டது. வண்டியில் வீண் சச்சரவு குறைந்தது.

இத்தா பாதியைக் கடந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து நான் தனியே முன்கட்டில் இருந்தேன். திரையண்டை ராத்தா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதானே அண்டைக்கு உள்ள போன?"

"ஓம் ராத்தா."

"அவரு எங்க கிடந்தார்?"

பொய் சொல்ல என்னால் முடியும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரிந்து, வாசலண்டை என்று சொல்லலாம், பட்டறைப் பக்கம் என்று சொல்லலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் ஒன்றும் வரவில்லை.

"குளியலறைக் கதவடியில."

"கதவு சாத்திக் கிடந்ததா?" என்றார்.

"ஓம். இறுகிக் கிடந்திச்சி. உடைக்கப் பாத்திரிக்கார். பலகை வெடிச்சிரிந்த."

"அந்தக் கதவு காத்துக்கே இறுகிக்கும் தம்பி. உள்ள ஆள் இல்லாட்டியும் இறுகிக்கும். நான் உள்ள இரிக்கன் எண்டு நினைச்சித்தார்." பிறகு, "அப்ப, என்னத் தேடித்தான்" என்றார்.

"ஓம் ராத்தா."

அதற்குப் பிறகு பேசியது மதினி. அவர் அங்கே பக்கத்தில் இருந்திருக்கிறார்.

"எனக்கு முதல் நாளே தெரியும் மதினி. கடைக்காரர் சொன்னார். அதான் ஒங்கட முகத்தைப் பாக்க எனக்கு ஏலாம இரிந்திச்சி. பாத்தா ஒங்களைக் குத்தம் சொல்லிடுவன் எண்டு பயந்துதான் வாயைத் திறக்கல்ல."

"சொல்லியிரிக்கலாமே" என்றார் ராத்தா. "நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைச்சிக்கிட்டிரிந்தன். தெரியாம இரிக்கிறதுதான் கஷ்டம் புள்ள. தண்ணி அள்ளப் போறன் எண்டு அவருக்கு ஒரு வார்த்தை சொல்லித்துப் போகல்ல நான்."

இருவரும் அழுதார்கள். நான் மெதுவாக எழுந்து வீதிக்கு வந்துவிட்டேன். அடுத்தநாள் என் மனைவி சோறு கொண்டுபோய்த் திரும்பி வந்து, "இண்டைக்கு ரெண்டு பேரும் ஒரு சகன்ல சாப்பிட்டாங்க" என்றாள். சகன் என்றால் பலர் கூடி உண்ணும் பெரிய தட்டு. அவள் அதைச் சொல்லும்போது கண் நிறைந்திருந்தது.

அந்த மாதங்களில் ஊர் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசலும் ஒழுங்கைக்காரர்களும் சேர்ந்து எரிந்த வீட்டை இடித்து இரண்டு அறை எழுப்பினார்கள். ஓய்வு நாட்களில் நாங்கள் கல் சுமந்தோம். சாரதி அண்ணன் திருக்கோவிலிலிருந்து தன் மச்சானைக் கூட்டிவந்தார். அவர் தச்சர். கதவும் ஜன்னலும் போட்டுக் கொடுத்தார்.

இத்தா முடிந்த காலையில் ராத்தா குளித்து, தொழுது, வெள்ளையை மாற்றி வேறு உடுப்பு உடுத்தினார். பின்கதவைத் திறந்தால் எதிரே அவருடைய வளவு. அவர் அந்த வழியால் போகவில்லை. பலகையைக் கழற்றச் சொல்லி, முற்றத்தைக் கடந்து முன்பக்கத்தால் வந்தார். நாங்கள் எல்லோரும் வீதியோரம் இறங்கி நின்றோம். மதினி அவருடைய கையைப் பிடித்திருந்தார். நடு வளைவில் வண்டியண்டை வந்ததும் ராத்தா நின்றார்.

"அண்ணன்" என்று சாரதியைக் கூப்பிட்டார். "நீங்க முகமூடியும் இல்லாம உள்ள போனயாம். ஒங்களுக்கு ஏதும் நடந்திரிந்தா ஒங்கட வீட்டுல ஒருத்தி இப்படி இரிந்திருப்பா. இனி அப்படிப் போகாதீங்க."

"சரி தங்கச்சி" என்று அவர் தலையாட்டினார். பொறுப்பதிகாரி அந்த வாரமே சபைக்குப் போய் இரண்டாவது மூச்சுக் கருவியைத் திருத்தித் தரச்சொல்லிப் பிடிவாதமாக நின்றார், வாங்கியும் வந்தார்.

பிறகு ராத்தா என் பக்கம் திரும்பினார். "தம்பி, மையவாடிக்கு என்னைக் கூட்டிப் போங்க. உள்ள போகல்ல. எந்த இடம் எண்டு பாத்தாப் போதும்."

ஓட்டோ ஒன்றைப் பிடித்தோம். ராத்தாவும் மதினியும் பின்னால், நான் ஓட்டோக்காரரோடு முன்னால். கடற்கரைப் பக்கத்து மையவாடிச் சுவர் இடுப்பளவுதான். ராத்தா வெளியே நின்று இரண்டு கையையும் சுவர் மேல் வைத்தார். உள்ளே எருக்கலைச் செடிகளும் மணலும் அடக்கிய இடங்களைக் காட்டும் மீஸான் கற்களும். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன.

"எது?"

"அந்தா, சாய்ஞ்ச தென்னைக்கு இஞ்சால. புதுக்கல்லு ரெண்டு தெரியுது. அதுல கடல் பக்கத்துக் கல்லு."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடற்காற்றில் முக்காடு அசைந்தது. உதடுகள் அசைய நெடுநேரம் ஓதினார். முடித்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு, "நல்ல இடம். நிழல் இரிக்கி" என்றார்.

ஓட்டோவில் ஏறச் சொன்னேன். அவர் மறுத்தார். "கன நாளா நடக்கல்ல தம்பி. நாங்க நடந்தே போறம்."

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கடற்கரை வீதியால் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.